கழுத்து நீண்ட காளான்கள்

ஐப்பசி மழையில் ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் போவதென்றால் பஸ் ஜன்னலை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே போக வேண்டும். துடைத்த இடத்தில் அரை நிமிடம் தலைகுந்தா தெரியும். பிறகு வெள்ளை. இன்னொரு முறை துடைத்தால் காமராஜ் சாகர் அணையின் கரை, அதில் தலை குனிந்து மேயும் இரண்டு எருமைகள். மறுபடி வெள்ளை.

நான் போய்க்கொண்டிருந்தது கிளென்மார்கனுக்கு. கோவையில் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் நண்பர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். அவருடைய மாணவன் ஒருவன் தன் பெரியம்மாவின் காளான் குடிலில் சென்சார்களையும் கேமராவையும் மாட்டி, மொட்டு எப்போது பறிப்புக்கு வரும் என்று கணினியைச் சொல்லவைக்கப் பார்க்கிறானாம். "போய்ப் பாருங்க. ஆனா அந்தம்மா பேரையும் வீட்டு அடையாளத்தையும் எழுதிடாதீங்க. காளானைப் பத்தி எழுதுங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார். அந்த வாக்கைக் காப்பாற்றியே இதை எழுதுகிறேன்.

அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் பைன் காட்டில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் மரத்தூண்களுக்கு நடுவே நின்று படமெடுத்துக்கொண்டிருக்க, நான் தரையைப் பார்த்து நடந்தேன். உதிர்ந்த ஊசியிலைகளை முட்டிக்கொண்டு பழுப்பு நிறத்தில் காட்டுக் காளான்கள் எழும்பியிருந்தன. செடி கொடிகளின் பேரைச் சொல்லும் செயலி ஒன்று என் போனில் உண்டு. ஒரே காளானை மேலிருந்து, பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று என மூன்று படம் எடுத்தேன். மூன்று படத்துக்கும் மூன்று பேர் சொன்னது. அதில் ஒன்று உண்ணக்கூடியது என்ற குறிப்போடு வந்தது.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. மழைக்காலத்தில் காளான் பொறுக்கும் மலைவாசிகள் மரத்தைப் பார்ப்பார்கள், மாதத்தைப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். மண்ணைக் கிளறித் தண்டின் அடி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். கொல்லும் அமனிட்டா வகைகளுக்கு அடித்தண்டைச் சுற்றி உறைபோல ஒன்று மண்ணுக்குள் இருக்கும். அதுதான் முக்கியமான அடையாளம். போன் எடுக்கிற படத்தில் அந்த மண்ணுக்குள் இருக்கும் பாதி வருவதே இல்லை. படத்தை நம்பிக் காட்டுக் காளானைச் சமைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

காட்டில் கேமராவிடம் நாம் கேட்பது "இது என்ன?" என்ற கேள்வி. நான் பார்க்கப் போன இருட்டறையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே இருப்பது ஒரே இனம், மனிதன் கையால் விதைத்த மொட்டுக் காளான். அங்கே கேட்க வேண்டியது "எப்போது?" என்பது மட்டும்தான். அந்தக் கேள்வியைக் கேமராவிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கூடலூர் சாலையிலிருந்து வலப்பக்கம் பிரிந்து போனால் தேயிலை தொடங்குகிறது. மழை குடித்த தேயிலைக்கு ஒரு கரும்பச்சை உண்டு. வெயில் நாளில் அதைப் பார்க்க முடியாது. வழியில் மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு ஒன்று, புல்வெளி நடுவே. அதைத் தாண்டி மின்வாரியத்தின் நீர்த்தேக்கம். ஊரே இந்தத் தண்ணீரால் உண்டானதுபோலத் தோன்றும். பைக்காரா ஆற்று நீர் இங்கே தேங்கி, மலையின் வடக்கு விளிம்பிலிருந்து குழாய்களில் 900 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கி, சிங்காரா மின்நிலையத்தில் விழுகிறது. சர் சி.பி. ராமசாமி ஐயர் சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்தபோது முன்னின்று தள்ளிய திட்டம்; 1932இல் மின்சாரம் வந்தது. கோயம்புத்தூர் பஞ்சாலைகள் பெருகியதில் அந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஊழியர்கள் ஏறி இறங்க, மலைச்சரிவில் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுவை ரயில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது 'விஞ்ச்'. நான் போனபோது அந்த விளிம்பில் மேகம் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு முறை திரை விலகி, கீழே வெகு ஆழத்தில் முதுமலைக் காடு வெயிலில் கிடந்தது தெரிந்தது. மேலே மழை, கீழே வெயில்.

கிளென்மார்கன் 2000 மீட்டரைத் தாண்டிய உயரம். இந்த உயரம்தான் காளான்காரர்களின் முதலீடு. மொட்டுக் காளானின் நூல் பரவ 22 முதல் 25 டிகிரி வேண்டும், மொட்டு வர 14 முதல் 18 டிகிரி. சமவெளியில் இதற்குக் குளிரூட்டி ஓட்டியே ஆக வேண்டும். கோயம்புத்தூரில் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்ப்பவர்கள் மொட்டுக் காளான் பக்கம் போகத் தயங்குவது அதனால்தான். நீலகிரியில் ஆண்டின் பெரும்பகுதி ஜன்னலைத் திறந்தாலே அந்தக் குளிர் வந்துவிடும். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட மொட்டுக் காளான் ரகங்களின் பேரே ஊட்டி 1, ஊட்டி 2. ஒரு காலத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் ஊட்டிப் பக்கம் ஏற்றுமதிக்கென்றே காளான் வளர்த்தது. இந்தியாவிலிருந்து போகும் பதப்படுத்திய காளானுக்கு 1999இல் அமெரிக்கா பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. இன்று மலையில் காளான் என்றால் வீட்டோரக் குடில், பத்திருபது அடுக்கு, 200 கிராம் பாக்கெட்.

தமிழ்நாட்டுக்குக் காளான் வளர்ப்பு புதிதும் அல்ல. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் கே.எம். தாமஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1940களின் தொடக்கத்திலேயே வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டி, 1943இல் அதைப் பற்றி எழுதினார்கள். இமாச்சலப் பிரதேசத்துச் சோலனில் மொட்டுக் காளான் வேலை தொடங்கியது 1961இல்தான்.

பையன் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். இறுதியாண்டு மாணவன். பேச்சில் அவசரம், நடையில் அதைவிட அவசரம். வீடு எஸ்டேட்டுக்கு வெளியே, சரிவில். வாசலில் கொட்டைப் பாசிபோல் மழைத்துளி கோத்த கம்பிவேலி. உள்ளேயிருந்து வந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "வாங்க தம்பி. மொதல்ல டீ. காளான் எங்கயும் போயிடாது... போயிடும்தான், ஆனா ஒரு டீ நேரத்துக்குள்ள போகாது" என்றார்.

அவருடைய பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய லட்சக்கணக்கானவர்களில் இரண்டு பேர். அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம், இன்றைய டேன்டீ, தொடங்கப்பட்டது. இவர் பிறந்தது இங்கே. இருபது வருடம் கொழுந்து எடுத்து, பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் சில வருடம் வேலை பார்த்து, முட்டிவலி வந்ததும் காளானுக்கு மாறினார்.

குடில், ஹாலோபிளாக் சுவரும் தகரக் கூரையும். கூரைக்குக் கீழே தெர்மாகோல். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். போனதும் முதலில் வந்தது வாசனை. புதுமழை மண், அதனோடு லேசாகப் பாதாம்பருப்பு வாடை. கண் பழக ஒரு நிமிடம் ஆனது. மூங்கில் அடுக்குகளில் நான்கு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் வாய் திறந்த பைகள், கறுப்பு மண் மேல் வெள்ளை வெள்ளையாய். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்த வாசலைப் பார்ப்பதுபோல் இருந்தது.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். கீழேயிருந்து வைக்கோல் வரும், கோழி எரு வரும். ஜிப்சமும் யூரியாவும் கலந்து குவித்து, நாலு நாளைக்கொரு முறை புரட்டிப் புரட்டி, ஏறக்குறைய நாலு வாரத்தில் கம்போஸ்ட் ஆக்குவார்கள். குவியலின் நடுவில் கை வைக்க முடியாது. 70 டிகிரி சூடு. அமோனியா நெடி போனதும் காளான் வித்து கலந்து பையில் அடைப்பார்கள். இரண்டு வாரத்தில் பை முழுக்க வெள்ளை நூல் ஓடிவிடும். அப்புறம் மேலே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேசிங் மண். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் ஊசி முனைபோல மொட்டு. ஊசி வந்துவிட்டால் காலம் வேறு வேகத்தில் ஓடும். ஒரு மொட்டு ஒரே நாளில் ஏறக்குறைய இரட்டிப்பு எடையாகிவிடும். தொப்பி 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆகி, அடித்திரை கிழியாமல் இருக்கும் நேரத்தில் பறித்தால் விலை. விட்டால் குடை விரிந்து, செவுள் கறுத்து, பாதி விலைக்கும் கேட்க மாட்டார்கள். காலை ஆறுக்குச் சின்னதாக இருந்தது இரவு பத்துக்கு விரியலாம். அதனால் இவர் இருபது வருடக் கொழுந்து வேலைக்குப் பிறகு மறுபடியும் தினமும் ஒரே முடிவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்: இன்றைக்கு எதை எடுப்பது, எதை விடுவது.

"கொழுந்துன்னா பகல்ல மட்டும்தான் தம்பி. இது ராத்திரியும் வளருது. டார்ச்சு எடுத்துக்கிட்டு ரெண்டு மணிக்கு வந்து பாப்பேன். தூக்கம் போச்சு."

அந்தத் தூக்கத்தைத் திருப்பித் தரத்தான் பையன் முதலில் சென்சார்களை மாட்டினான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சின்ன சர்க்யூட் பலகை, வெப்பமும் ஈரப்பதமும் அளக்க ஒன்று, கரியமில வாயுவை அளக்க ஒன்று. அளவு தாண்டினால் போனுக்குச் செய்தி வரும். காளான் மரம்போல அல்ல, நம்மைப்போல. பிராண வாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடும். மூடிய அறையில் அது சேரும். நூல் பரவும்போது சேர்ந்தால் நல்லது. மொட்டு வரும்போது 1000 பிபிஎம்முக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். விசிறியை எப்போது போடுவது என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும்.

இங்கேதான் கதை. பையன் அதைச் சொல்லும்போது முதல் தடவையாக நிதானமாகப் பேசினான்.

முதல் வாரம் எண் சரியாக இருந்தது. போகப்போக கரியமில வாயு குறைந்துகொண்டே வந்தது. ஒரு மாதத்தில் 450. வெளிக்காற்றிலேயே இப்போது 420க்கு மேல் இருக்கிறது. அறை அவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அவனுக்குச் சந்தோஷம். விசிறி நேரத்தைக் குறைத்தான். பெரியம்மா ஒரு நாள் ஒரு காளானைப் பறித்து அவன் கையில் வைத்தார். தொப்பி சிறுத்து, தண்டு நீண்டிருந்தது.

"கழுத்து நீண்டிருக்கு பாரு. மூச்சு முட்டுதுடா அதுக்கு."

அவன் போனைக் காட்டியிருக்கிறான். "450 பெரியம்மா. வெளிக்காத்து மாதிரி."

"போனு சொல்லுது. காளானு வேற சொல்லுது."

இரண்டு நாள் அவன் நம்பவில்லை. மூன்றாம் நாள் சென்சாரின் கையேட்டை வரி வரியாகப் படித்தபோது புரிந்தது. இந்த வகைச் சென்சார் அகச்சிவப்பு ஒளியை ஒரு சின்னக் குழாய்க்குள் செலுத்தி, கரியமில வாயு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கிறது. நாளாக நாளாக விளக்கு மங்கும், அளவு பிசகும். அதைத் தானாகச் சரிசெய்துகொள்ள ஓர் ஏற்பாடு உண்டு: குறிப்பிட்ட காலத்துக்குள் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை, "இது வெளிக்காற்று, 400" என்று எடுத்துக்கொள்ளும். அலுவலக அறைக்கு அது சரி. இரவில் ஆட்கள் போனதும் காற்று வெளிக்காற்றுபோல ஆகிவிடும். காளான் குடிலில் ஆட்கள் போவதே இல்லை. அங்கே மூச்சு விடுகிறவர்கள் இரவும் பகலும் அங்கேயே இருக்கிறார்கள். ஆகக் குறைந்த அளவே 900, 1000 இருக்கும் அறையில், சென்சார் அதையே 400 என்று நம்பி, மொத்தக் கணக்கையும் கீழே இறக்கிவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குக்கும் சற்றுக் குறைவு. குழாய்க்குள் மூலக்கூறுகள் குறைவு, விழுங்கும் ஒளியும் குறைவு. உயரத்தைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் சென்சார் குறைத்துத்தான் காட்டும். இரண்டு பிழையும் ஒரே திசையில், காளானின் கழுத்தைப் பிடிக்கும் திசையில்.

அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்தான். சென்சாரைக் கழற்றி, பேட்டரியோடு தேயிலைக் காட்டுக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்து அளவு சொல்லிக்கொடுத்தான். உயரத்தையும் கணக்கில் சேர்த்தான். திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் எண் 1900 என்று வந்ததாம். "பெரியம்மா கிட்ட காட்டவே இல்ல சார். போயி விசிறியைப் போட்டேன்."

இந்தச் சம்பவத்தை நான் விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிறு விவசாயிகளுக்கு 'ஸ்மார்ட்' பெட்டி விற்கப்படும்போது அது எங்கே, எந்தக் காற்றுக்காகச் செய்யப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. பெட்டி காட்டும் எண்ணுக்கு எதிராகப் பேச அறையில் ஒரு சாட்சி வேண்டும். இங்கே அந்தச் சாட்சி காளானின் கழுத்து, அதைப் படிக்கத் தெரிந்தவர் இந்த அம்மா. அவர் இல்லாத குடிலில் அந்த 450 அப்படியே நின்றிருக்கும்.

ஈரப்பதச் சென்சாரும் ஏறக்குறைய அப்படித்தான். 85 முதல் 90 சதவீத ஈரத்தில் மாதக்கணக்கில் தொங்கினால், அதன் மேல் நீர் படிந்து 99.9இலேயே நின்றுவிடும். இதற்கு மருந்து அம்மாவிடம் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை நொதிக்கும் அறையில் இரண்டு தெர்மாமீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரத்தைச் சொல்வார்கள். அப்படி ஒரு ஜோடியை அவர் வாங்கிவரச் சொன்னார். இப்போது சென்சாருக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டையும் ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறார்கள். நோட்டைப் பார்த்தேன். எண்களெல்லாம் அவர் கையெழுத்து.

பிறகு கேமரா. அடுக்குக்கு ஒன்று, மேல் தட்டின் அடியிலிருந்து கீழ்த்தட்டைப் பார்க்கும். மொட்டுக் காளானுக்கு வெளிச்சம் தேவையில்லை, சில விநாடி பட்டால் கெடுதலும் இல்லை. அரை மணிக்கு ஒரு முறை விளக்கு எரிந்து அணையும், ஒரு படம். முதல் வாரம் எல்லாப் படமும் பஸ் ஜன்னல்போல வெள்ளை. லென்ஸில் பனி. ஒரு சின்ன மின்தடையை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டி, அறையைவிட ஓரிரு டிகிரி சூடாக வைத்ததும் படம் தெளிந்தது. பையின் ஓரத்தில் ஒரு ஸ்கேல் துண்டு செருகியிருக்கிறது. படத்தில் உள்ள தொப்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்ல அது வேண்டும்.

கறுப்பு மண்ணில் வெள்ளை வட்டம் என்பதால் கணினிக்கு இது சுலபமான பாடம் என்று தோன்றும். அப்படித் தோன்றித்தான் இங்கிலாந்தில் சில்சோ ஆய்வு நிலையத்தார் 1990களிலேயே காளான் பறிக்கும் இயந்திரத்துக்குக் கண் வைக்கத் தொடங்கினார்கள். 2001இல் அவர்கள் எழுதிய ஆய்வில் இயந்திரம் பத்துக்கு எட்டுக் காளானை எடுத்துவிட்டது. தைவானில் 2019இல் சுவான்-பின் லூவும் கூட்டாளிகளும் யோலோ என்ற ஆழ்கற்றல் முறையில் தொப்பிகளை அளந்து, எது எந்நேரம் பறிப்புக்கு வரும் என்று கணிக்கும் அமைப்பைச் செய்தார்கள். கனடாவில் இன்று ரோபோக்களே பறிக்கின்றன. அவையெல்லாம் அலுமினிய அடுக்குகள், மட்டம் பிசகாத படுக்கைகள், ஒரே உயரத்து மண். இந்தக் குடிலில் மூங்கிலைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். ஒரு பைபோல இன்னொரு பை இல்லை. இங்கே ரோபோவின் கை நுழையாது. கண் மட்டும் நுழையும்.

பையன் தன் கணினியை மூன்று சொல் சொல்லிப் பழக்கியிருந்தான்: சிறியது, தயார், முற்றியது. ஆயிரம் படங்களில் ஒவ்வொரு காளானையும் கட்டமிட்டு இந்த மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தேர்வுக் காலம் வந்ததால் அந்த வேலையைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். டேப்லெட்டில் விரலால் கட்டம் போட அவர் அரை நாளில் கற்றுக்கொண்டார். மறுநாள் போன் செய்து, "மூணு போதாதுடா" என்றாராம்.

அவருக்கு ஏழு வேண்டியிருந்தது. ஊசி. பட்டாணி. கோலி. இன்னைக்கு. ராத்திரிக்குள்ள. விரிஞ்சது. ஏழாவது, குடும்பம்.

"இன்னைக்கு" என்பதும் "ராத்திரிக்குள்ள" என்பதும் ஏன் தனித்தனி என்று கேட்டேன். ஒரு தொப்பியைச் சுட்டினார். மேல்தோல் இழுபட்டு மினுங்குகிறது, விளிம்பு உள்ளே சுருண்டிருந்தது கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. பக்கத்தில் அதே அளவு தொப்பி, விளிம்பு இன்னும் மடங்கியே இருக்கிறது. அளவு ஒன்று, நேரம் வேறு. ஸ்கேல் துண்டு இதைச் சொல்லாது. ஆனால் படத்தில் இது இருக்கிறது. யாராவது சுட்டிக்காட்டினால் கணினியும் பார்க்கும். பார்க்கத் தொடங்கிவிட்டது என்றான் பையன்.

குடும்பம் என்பது கொத்து. ஆறேழு காளான்கள் ஒன்றையொன்று தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும். பெரியதைத் திருகி எடுத்தால் மண் பெயர்ந்து, கீழே உள்ள கோலியும் பட்டாணியும் வேரறுந்து வாடிவிடும். எந்தப் பெரியதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது விரலுக்குத்தான் தெரியும். கேமரா ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனி ஆளாகத்தான் பார்த்தது. இவர் உறவு பார்த்தார்.

எட்டாவதாக ஒரு சொல்லும் வேண்டியிருக்கிறது, ஆனால் அதற்குப் படம் போதவில்லை. ஈரக்கொப்புளம் என்ற நோய். காளான் உருக்குலைந்து பஞ்சு உருண்டையாகி, அதன்மேல் தேன்நிறத் துளிகள் அரும்பும். இவர் அதை "அழுவுற காளான்" என்கிறார். கண்டவுடன் ஈரத் தாளால் மூடி, மெல்ல எடுத்து, அந்த இடத்தில் உப்புப் போட்டு, ஒரு குவளையைக் கவிழ்த்துவிடுவார். தண்ணீர் தெளிக்கும்போது ஒரு துளி அதில் பட்டுத் தெறித்தால் போதும், பக்கத்துப் பைக்குப் போய்விடும். ஈயின் காலிலும் போகும். வேலையைப் புதுப் பையில் தொடங்கி நோய்ப் பையில் முடிப்பார், ஒருபோதும் மாற்றிச் செய்ய மாட்டார். இவ்வளவு கவனமாக இருப்பதால் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் படங்கள்தான் கிடைக்கின்றன. நோயைக் கணினிக்குக் கற்பிக்கப் படம் வேண்டும். நன்றாக வளர்ப்பவர்களிடம் அந்தப் படம் இருக்காது. நோய் பரவிய குடில்களின் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும், நஷ்டப்பட்டவர்களிடம் போய். அதைக் கேட்கப் பையனுக்கு மனம் வரவில்லை. மலையில் காளான் பயிற்சி தரும் பண்ணைகளும் வேளாண் அறிவியல் நிலையமும் இதைச் செய்தால் நன்றாக இருக்கும். பெயர் வெளியே தெரியாமல் படங்களைச் சேர்த்து, எல்லா வளர்ப்பாளர்களும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கலாம். பெரிய செலவில்லாத காரியம்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். காற்று கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்கு எங்கோ மரம் விழுந்து மின்சாரம் போனது. கோயம்புத்தூருக்கு வெளிச்சம் அனுப்பிய மலையில் மழைக்காலத்து இரவுகள் பெரும்பாலும் இப்படித்தான். விசிறி நின்றது. சென்சார் பேட்டரியில் ஓடியது. ஒன்றே கால் மணிக்குப் போன் ஒலிக்க, அம்மா எழுந்து போய்க் குடிலின் மேல் ஜன்னலைக் கையால் திறந்துவிட்டு வந்து படுத்தார். மொத்தம் ஐந்து நிமிடம். அதன் பிறகு காலை ஐந்து வரை எழவில்லை.

காலையில் பறிப்பு. மூன்று விரலால் தொப்பியைப் பிடித்து, லேசாக அழுத்தித் திருகி, சத்தமே இல்லாமல் எடுக்கிறார். கொழுந்து கிள்ளிய அதே விரல்கள். அடித்தண்டைக் கத்தியால் வெட்டிக் கூடையில் போடும்போது மட்டும் 'டக்' என்று ஒரு ஒலி. பையன் டேப்லெட்டோடு பின்னால் நடந்தான். அது "இன்னைக்கு" என்றவற்றில் பெரும்பாலானதை அவரும் எடுத்தார். இரண்டாம் தட்டின் கோடியில் ஒன்றில் மட்டும் தகராறு. கணினி "ராத்திரிக்குள்ள" என்றது. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"பெரியம்மா, இது நிக்காது. விரிஞ்சுடும்."

"இருக்கட்டும்."

"ஏன்னு சொன்னாத்தானே நான் எழுத முடியும்?"

"மொதல்ல என்ன ஆகுதுன்னு பாரு. அப்புறம் எழுது."

எட்டரை பஸ்ஸில் பாக்கெட்டுகள் ஊட்டிக்குப் போயின, நானும் அவற்றோடு. வெட்டிய காளான் இரண்டே நாளில் பழுப்பேறிவிடும். அதனால் ஓட்டுநர் காளான் பெட்டிக்குத் தன் பக்கத்திலேயே இடம் தருகிறார். ஜன்னலைத் துடைத்துக்கொண்டே திரும்பினேன்.

மறுநாள் மேட்டுப்பாளையத்தில் இருந்தபோது பையனிடமிருந்து படம் வந்தது. இரண்டாம் தட்டின் கோடி. அந்தக் காளான் நன்றாக விரிந்து, செவுள் கறுத்திருந்தது. கணினி சொன்னதுதான் நடந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தான்: "நான் சொன்னது சரி சார். பெரியம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. இதைக் குழம்புக்கு எடுத்துக்கிட்டோம். அடியில பாருங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிந்த குடையின் நிழலில், மண் பெயராமல், நேற்றுப் பட்டாணியாக இருந்த மூன்றும் கோலியாகியிருந்தன.